பூனைமுடி வைத்த கால்

“அம்பத்திரண்டு கிலோ. யாருங்க அது?”

“மொதல்ல என்ற காலைக் குடு, அம்மிணி.”

“யாருன்னு சொல்லுங்க, குடுக்கறேன்.”

“ஒரு மனுசனோட காலைப் புடுங்கி வெச்சுக்கிட்டு—”

“தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல—”

“—கேள்வி கேக்கறது எந்த ஊரு நாயம்? ஓடித் தப்பிக்கக்கூட வழியில்லை.”

“ஓடக் கூடாதுன்னுதான் புடுங்கி வெச்சிருக்கேன்.”

சென்னியப்பன் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது முழங்காலுக்குக் கீழே லுங்கி காலியாகத் தொங்கியது. எதிர்நாற்காலியில் அவர் மனைவி தமயந்தி. அவருடைய கறுப்புக் கால் அவள் மடியில் கிடந்தது. மேசை மேல் டேப்லெட், அதன் பக்கத்தில் ஆறிப்போன இரண்டு காபி. சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. பன்னிரண்டு மணிக்குள் அவள் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போட்டால், அவள் மடியில் கிடப்பதைப் போன்ற கால்கள் நாலாயிரம் செய்யலாம் என்று முடிவாகிவிடும்.

“உங்க எடை எழுபத்தி நாலு. காலைல போட்டு நடக்கறப்ப கால் எழுபத்தி நாலுன்னு காட்டுது. சாயங்காலம் அம்பத்திரண்டுன்னு காட்டுது. ஒரே நாள்ல இருவத்திரண்டு கிலோ எளைச்சுட்டு, ராத்திரி தூங்கி எந்திரிச்சா மறுபடி ஏறிக்குமா?”

“ஆபீஸ் வேலை அப்படி. ஒறிஞ்சு எடுத்தர்றானுக.”

“டெப்போவுல டைம்கீப்பர் வேலை. உக்காந்து பஸ்ஸு வர்ற நேரம் எழுதற வேலை.”

“மனசுக்கு எத்தனை பாரம் தெரியுமா அது?”

“கால் பொய் சொல்லாதுங்க. வேற யாரோ இதைப் போட்டு நடக்கறாங்க. அம்பத்திரண்டு கிலோன்னா ஆம்பளையாத் தெரியலை.”

சென்னியப்பன் முகம் மலர்ந்துவிட்டது. “அட, என்னையச் சந்தேகப்படறயா? அம்பத்தெட்டு வயசுல, ஒத்தக் காலோட? அம்மிணி, இதை நாளைக்கு டெப்போவுல சொன்னா எனக்கு மாலை போடுவாங்க.”

“சிரிக்காதீங்க.”

“சரி, சொல்லிடறேன். நம்ம மெக்கானிக் மகுடீஸ்வரன் இருக்கானில்ல? அவனுக்கும் எடது கால் இல்லை. பாவம், சாயங்காலமா ஒரு ரவுண்டு போட்டுப் பாத்துட்டுக் குடுப்பான்.”

“மகுடீஸ்வரன்.”

“ஆமா.”

“போன மாசம் அவங்க ஊட்டுக் காதுகுத்துல நமக்கு எதுக்கால பந்தியில உக்காந்து, மூணு தடவை ரசம் வாங்கின மகுடீஸ்வரன். அவரு தொண்ணூறு கிலோவுக்குக் கொறையமாட்டாரு. எந்திரிச்சு கை கழுவப் போனப்ப நான் பாத்தேன், ரெண்டு காலும் இருந்துச்சு.”

சென்னியப்பன் இருபத்தாறு வருடங்கள் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எத்தனையோ பேர் டிக்கெட் எடுக்காததற்குச் சொன்ன காரணங்களையெல்லாம் கேட்டவர். ஆனால் தமக்கென்று ஒரு பொய் வேண்டியிருக்கும்போது அவருக்கு எதுவும் வாய்க்காது.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவிநாசி ரோட்டில் ஒரு லாரி அவருடைய பைக்கை உரசிக்கொண்டு போனபோது அந்தக் கால் போனது. அரசாங்கத்தில் கொடுத்த கால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதைக் கட்டிக்கொண்டு அவர் மாடிப்படி ஏறுவதைத் தமயந்தி ஒரு முறைதான் பார்த்தாள். அப்போது அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில், விமானங்களுக்கான கார்பன் தகடுகள் அடுக்கும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. மறுநாளே போய் மேலதிகாரியிடம், “எனக்கு ஒரு கால் செய்யணும் மேடம்” என்றாள்.

அந்தக் காலை சென்னியப்பன் மற்றவர்களுக்கு விளக்குகிற விதமே தனி. “பரோட்டா தெரியுமில்ல?” என்பார். “கார்பன் நூல்ல நெய்ஞ்ச துணியை அடுக்கடுக்கா வெச்சு, பசை ஊத்தி, அடுப்புல வெச்சு எடுக்கறது. கல்லாட்டம் இருக்கும். ஆனா ரெண்டு கையிலயும் ஒரு அடி அடிச்சா பரோட்டா மாதிரி அடுக்கு பிரிஞ்சுரும். அதுதான் அதோட வியாதி. என்ற ஊட்டுக்காரி என்ன பண்ணுனா? ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல முடி மொளைக்க வெச்சா. கார்பன்லயே முடி. நம்ம தலைமுடியை ஆயிரக்கணக்குல வகுந்தா அதுல ஒண்ணு எத்தனை ஒல்லியோ அத்தனை ஒல்லி. அது மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் கோத்துப் புடிச்சுக்கும். இனி யானை மிதிச்சாலும் பிரியாது.”

நானோ என்றெல்லாம் தாள்களில் எழுதினார்கள். பட்டறைக்குள் அதற்குப் பூனைமுடி என்று பெயர். அடுக்கின் மேல் விரலை வைத்தால், பிறந்த குழந்தையின் நெற்றியில் இருக்கிற முடியைத் தொடுகிற மாதிரி இருந்ததால் தமயந்தி வைத்த பெயர் அது. அந்த முடி இன்னொன்றும் செய்தது. அதன் வழியே மின்சாரம் ஓடும். கால் வளைந்தால், நசுங்கினால், ஓட்டம் மாறும். அதனால் தன் மேல் எத்தனை பாரம் இறங்குகிறது என்பதைக் கால் ஒவ்வோர் அடிக்கும் தானே எழுதி வைத்துக்கொண்டது. தொண்ணூறு நாள் சோதனையில் அது எழுதியதை இன்று காலைதான் அவள் மொத்தமாகப் பிரித்துப் பார்த்தாள்.

“சரி. போடுங்க காலை,” என்றாள்.

“குடுத்துட்டயா? நம்பிட்டயா?”

“போட்டுட்டு நடங்க. இங்கருந்து வாசக்கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க. நான் இதுல பாத்துக்கறேன்.”

அவர் காலை மாட்டி, எழுந்து, லுங்கியைச் சரிசெய்துகொண்டு, “போலாம் ரைட்,” என்றார். நடந்தார். டேப்லெட்டில் எண்கள் வந்தன. எழுபத்தி நாலு. எழுபத்தி நாலு. எழுபத்தி மூணு.

“பாத்துக்க. வேற ஆளு யாரும் உள்ள இல்லை.”

“இன்னும் பத்து நடை போங்க.”

“பத்தா? சோதனையா, தண்டனையா?”

“போங்க.”

நாலாவது நடையில் எழுபது. அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். ஆறாவதில் அறுபத்தாறு. எட்டாவதில் அறுபது. தமயந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவதில் அம்பத்தஞ்சு வந்தபோது நிமிர்ந்தாள்.

சென்னியப்பன் சிரித்த முகமாகத்தான் வந்துகொண்டிருந்தார். ஆனால் இடது உள்ளங்கை சுவரில் அழுந்தியிருந்தது. அந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு மங்கலாக ஓர் அழுக்குப் பட்டை, வாசற்கதவிலிருந்து ஹால் வழியாகப் படுக்கையறை வரைக்கும் ஓடியது. மூன்று மாதமாக அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள்.

“உக்காருங்க,” என்றாள்.

“இன்னொரு நடை பாக்கி இருக்கு.”

“மாமா. உக்காருங்க.”

அவள் மாமா என்று கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் தரையில் அமர்ந்து காலைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த உறையை மெதுவாகச் சுருட்டினாள். முட்டி வீங்கி, பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. முட்டிக்குக் கீழே எலும்பு முடிகிற இடத்தில் தோல் கன்றிக் கறுத்திருந்தது.

“நோவுதா?”

“பரவாயில்லை.”

தமயந்தி அவர் முட்டியில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

“இப்ப என்ன சொன்னீங்க?”

“பரவாயில்லைன்னேன்.”

“தினமும் சாயங்காலம் கால் உங்ககிட்ட நோவு இருக்கான்னு வாய்விட்டு ஒரு கேள்வி கேக்குமே. அதுக்கும் இதையேதான் சொன்னீங்களா?”

“வேற என்ன சொல்லுவாங்க?”

“நோவுதுன்னு சொல்லுவாங்க! நோவுச்சுன்னா நோவுதுன்னு சொல்லுவாங்க!”

“அதெப்படிச் சொல்றது? ‘வணக்கம், இன்று உங்களுக்கு வலி இருக்கிறதா?’ன்னு அத்தனை மரியாதையாக் கேக்குது. அதுவும் உன்ற கொரல்ல. நீதான பேசிப் பதிஞ்சு குடுத்த? அஞ்சு வருசம் ஞாயித்துக்கெழமை கூட ஊட்ல இல்லாம நீ பண்ணுன காலு. உன்ற கொரலே வந்து எப்படி இருக்குன்னு கேட்டா, மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லைன்னா சொல்லுவேன்?”

“இத்தனை வருசமா என்ற கொழம்பையும் பரவாயில்லைன்னுதான் சொல்றீங்க.”

“கொழம்பு வேற.”

“என்ன வேற?”

அவர் ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். தமயந்தி எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். ஒரு மத்தியானம் அவளுக்கு நினைவு வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில், காலின் கேள்விக்கு ஜனங்கள் என்ன பதில் சொன்னால் அதை என்னவாக எடுத்துக்கொள்வது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆமா, இருக்கு, தாங்கலை எல்லாம் ஒரு பக்கம். இல்லை, இல்லவே இல்லை, சுத்தமா இல்லை எல்லாம் ஒரு பக்கம். மென்பொருள் எழுதுகிற பெண் கேட்டாள்: மேடம், பரவாயில்லைன்னா எந்தப் பக்கம்? கையில் டீயோடு நின்ற தமயந்தி சொன்னாள்: இல்லைன்னுதானே முடியுது, இல்லை பக்கம் போட்டுரு.

“நாந்தாங்க போட்டேன்,” என்றாள்.

“எதை?”

“பரவாயில்லைன்னா நோவு இல்லைன்னு அர்த்தம்னு. நம்ம ஊரு மெஷினுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.”

அவள் டேப்லெட்டை இழுத்து எல்லாருடைய கணக்கையும் திறந்தாள். சோதனைக்குக் கால் கொடுத்தது பன்னிரண்டு பேருக்கு. ஒருவர் பாதியிலேயே நின்றுவிட்டார். மீதிப் பதினொரு பேரும் தொண்ணூறு நாளும் சொன்ன பதில்களை வரிசையாகப் பார்த்தாள். பரவாயில்லை. பரவாயில்லைங்க. பரவாயில்லைங்க சாமி. ஏதோ பரவாயில்லை. உங்க புண்ணியத்துல பரவாயில்லை. அத்தனைக்கும் எதிரே மெஷின் ‘வலி இல்லை’ என்று எழுதியிருந்தது. பிறகு அவர்களுடைய பாரக் கணக்கைத் திறந்தாள். காலையில் அறுபத்தி மூணு, சாயங்காலம் நாற்பத்தஞ்சு. காலையில் எண்பது, சாயங்காலம் அறுபத்திரண்டு. யாருமே சாயங்காலம் முழுப் பாரத்தையும் அந்தக் காலில் வைக்கவில்லை. எங்கெங்கோ, ஏதேதோ சுவர்களைப் பிடித்துக்கொண்டு நடந்திருந்தார்கள்.

“அந்த வாளையாறு ஜோசப் சார்,” என்றாள் மெதுவாக.

“யாரு, அந்த ரேஞ்சர் ஆபீஸ்காரரா? கால் அவருக்கு ஒத்துக்கலைன்னு சொன்னயே.”

“அவரு மலையாளத்துல ‘நல்ல வேதனை உண்டு’, கடுமையா நோவுதுன்னு பத்து நாளாச் சொல்லிட்டே இருந்தாரு. மத்த எல்லாருக்கும் சரியா இருக்கு, இவரு காலோட அமைப்புதான் சரியில்லைன்னு நெனைச்சு நானே போயி காலை வாங்கிட்டு வந்தேன். டீயெல்லாம் குடுத்தாரு.”

“ஏன் நோவுது தமயந்தி? அதைச் சொல்லு மொதல்ல. இத்தனை நல்ல காலு.”

“நல்ல காலுங்கறதாலதான்.” அவள் காலைத் திருப்பிக் குதிகாலைக் காட்டினாள். “பழைய மாடல்ல இங்க ஒரு ரப்பர் மெத்தை இருக்கும். அடி வைக்கறப்ப அதிர்ச்சியில அடுக்கு பிரிஞ்சுரக் கூடாதேன்னு, காலைக் காப்பாத்தறதுக்கு வெச்சது. பூனைமுடி வந்தப்பறம் அடுக்கு பிரியவே பிரியாது. அப்பறம் ரப்பர் எதுக்கு, வெயிட்டுன்னு எடுத்துட்டோம். எண்ணூறு கிராமுக்கு வந்துருச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. அந்த ரப்பர் காலை மட்டும் காப்பாத்தலை, முட்டியையும் சேத்துத்தான் காப்பாத்திட்டு இருந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தோணலை. இப்ப இது எதையும் வாங்கிக்கறதில்லை. வர்ற அடியெல்லாம் நேரா உங்க எலும்புக்குப் போகுது.”

“அப்ப ரப்பரை மறுபடி வெச்சுரு.”

“வெச்சா குதிகாலோட அச்சு மாறும். மறுபடி செஞ்சு, சோதிச்சு… எட்டு மாசம்.”

“அப்ப இன்னிக்குக் கையெழுத்துப் போடு. எட்டு மாசம் கழிச்சு மாத்திக்கலாம்.”

“என்னங்க பேசறீங்க?”

“சரியாத்தான் பேசறேன். நாலாயிரம் பேரு, தமயந்தி. பாதிப் பேரு மூணு கிலோ காலைப் பரண்ல போட்டுட்டு மூலையில உக்காந்திருக்கான். நானும் உக்காந்திருந்தேன், நீ பாத்திருக்க. நோவோட நடக்கறதா, நோவு இல்லாம உக்காந்திருக்கறதான்னு என்னையக் கேட்டா, நான் நடக்கறேன். போன வாரம் மருதமலைப் படி ஏறுனேன். ஏறி முடிச்சு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன், அது வேற. ஆனா ஏறுனேன்.”

“இன்னும் ரெண்டு வருசம் இப்படி ஏறுனீங்கன்னா முட்டி தேஞ்சு, முட்டிக்கு மேல வெட்டணும்பாங்க. அப்ப இந்தக் காலை எதுல மாட்டுவீங்க? என்ற தலையிலயா?”

“உன்ற தலைக்கும் அது பத்தும். அத்தனை கெட்டி.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவர் கையை நீட்டி அவள் உச்சந்தலையில் வைத்தார்.

“நீ வருத்தப்படுவயேன்னுதான் சொல்லலை, அம்மிணி. வேற ஒண்ணுமில்லை.”

“உங்களுக்கு நோவுதுன்னா நான் வருத்தப்படக் கூடாதா? அதுக்குத்தானுங்க கல்யாணமே.”

பத்தரை மணிக்கு அவள் ஆனந்தவல்லி மேடத்துக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி கெட்டவள் இல்லை. இந்தத் திட்டத்துக்காகச் சென்னையில் எத்தனையோ அறைகளின் வாசலில் காத்துக் கிடந்தவள். தமயந்தி சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள்.

“உன் படிவத்துல பதினொரு பேருக்கும் வலி பூஜ்ஜியம்னு இருக்கு, தமயந்தி.”

“அது தப்பு மேடம். என்னோட தப்பு.”

“பாரம் குறையறதுக்கு நூறு காரணம் சொல்லுவாங்க. சாயங்காலம் அசதி, அதான் குறையுதும்பாங்க. உன் வீட்டுக்காரர் வாக்குமூலத்தை நான் வைக்க முடியாது, அவர் உன் வீட்டுக்காரர். வேற மூணு பேர் இருந்தாப் போதும். பன்னிரண்டு மணிக்குள்ள அவங்க வாயால, தெளிவா, வலிக்குதுன்னு சொல்லட்டும், பதிவு பண்ணு. நான் நிறுத்தி வைக்கிறேன். எட்டு மாசம் வாங்கித் தர்றது என் பொறுப்பு.”

“ரொம்ப நன்றி மேடம்.”

“இரு. நன்றி சொல்லாத. நிறுத்தினா விதி என்னன்னு உனக்கே தெரியும். தீங்கு செய்யுதுன்னு எழுதிட்டா, அதை ஒரு நாள்கூட அவங்ககிட்ட விட்டு வைக்க முடியாது. திங்கக்கிழமையே எல்லாக் காலையும் திருப்பி வாங்கணும். உன் வீட்ல இருக்கறதையும் சேத்து.”

போன் வைக்கப்பட்டது. சென்னியப்பன் தன் கறுப்புக் காலைப் பார்த்தார். எடுத்து, லுங்கி நுனியால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

“திங்கக்கிழமைன்னா, நாளைக்கு ஒரு நாள் இருக்கு,” என்றார். “சரி. போடு போனு. மொதல்ல யாரு?”

“சோமனூர் மயிலாத்தாங்க.”

மயிலாத்தாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. சர்க்கரை வியாதியில் வலது பாதம் போய், நாலு வருடம் வீட்டோடு கிடந்தவள். இந்தக் கால் வந்த பிறகுதான் மறுபடி விசைத்தறிக்குப் போனாள். நின்றுகொண்டே எட்டு மணி நேரம், இரண்டு தறி.

மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் தறிகள் தடதடவென்று ஓடுகிற சத்தம்.

“ஆருங்க? தமயந்தியம்மாவா? நல்லா இருக்கீங்களா சாமி? ஊட்டுக்காரரு நல்லா இருக்காரா?”

“நல்லா இருக்கோமுங்க மயிலாத்தாக்கா. நீங்க பேசறதை நான் பதிவு பண்றேன், பரவாயில்லையா?”

“பண்ணிக்கங்க. உங்களை நெனைக்காத நாளில்லீங்க. இப்ப மூணாவது தறியும் பாக்கறயான்னு மொதலாளி கேக்கறாரு! சின்னவனுக்குப் பொண்ணு பாத்திருக்கு, பொண்ணூட்டுக்காரங்க ஒறம்பரையெல்லாம் வந்தப்ப நானே எந்திரிச்சு நின்னு பந்தி பரிமாறுனேன். எல்லாம் காலு தந்த பொழப்பு.”

தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். சென்னியப்பன் அவள் முழங்கையைத் தொட்டார். கேளு என்று சைகை காட்டினார்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். மெஷின் கேக்கற மாதிரி இல்லை, நானே கேக்கறேன். எனக்கு மனசு நோகும்னு பாக்காதீங்க. அந்தக் காலைப் போட்டு நின்னா, உங்களுக்கு நோவுதா?”

“அட, அதெல்லாம் பரவா—”

“அந்த வார்த்தை வேண்டாங்க்கா. வேற எது வேணாலும் சொல்லுங்க.”

அவளுடைய தறிகளில் ஒன்று நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் நின்றது. மயிலாத்தாளின் மூச்சு இப்போது தெளிவாகக் கேட்டது. அவள் போனை வாய்க்கு மிக அருகில் கொண்டுவந்திருக்க வேண்டும். பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சொல்றேனுங்க கண்ணு… சொன்னா, காலைத் திருப்பி வாங்கிக்க மாட்டீங்கதானுங்களே?”